நான் சொன்ன பெயர்

கராத்தேயில் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அடிவரிசைக்குக் கட்டா என்று பெயர். போட்டியில் எந்தக் கட்டா என்று நடுவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

நானும் மாரியும் குத்துக்கல்வலசையில் ஒரே கராத்தே வகுப்பு. தென்காசிப் போட்டியில் இரண்டு பேரும் ஒரே கட்டாவைச் செய்யக்கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ‘பசாய்’, எனக்கு ‘எம்பி’. எம்பியின் கடைசியில் சுழன்று குதிக்க வேண்டும். பயிற்சியில் இரண்டு முறை விழுந்திருந்தேன். பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியன்று சாரல். ஈரக் கால்கள் மிதித்து மிதித்து விரிப்பு வழுக்கியது. முதலில் என்னைத்தான் அழைத்தார்கள்.

“பசாய்!” என்றேன்.

மாரியின் முகத்தைப் பார்க்காமலே செய்து முடித்தேன். அடுத்து அவள். அவளும் பசாய் என்றே சொல்லியிருக்கலாம். போட்டி விதி தடுக்கவில்லை, மாஸ்டர் பேச்சு மட்டும்தான்.

“எம்பி!” என்றாள்.

குதித்தவள் வலது கால் மடங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்று அழுதேன்.

“ஏட்டி, குதிக்கப் பயந்துட்டியா?” என்று கேட்டாள். ஆமென்று தலையாட்டினேன்.

“முந்தியே சொல்லிருந்தா, நான் எம்பியப் பழகிருப்பேம்லா.”

போலீஸ் வேலைக்காகத் தினமும் ஓடிக்கொண்டிருந்தவள் அவள். பிறகு ஓடவே இல்லை. இப்போது செங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறாள். நான் போகும்போதெல்லாம் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போடுகிறாள். ஒரு நாளும் என்னால் அதில் உட்கார முடிந்ததில்லை.