புரட்டிப் பார்க்காத துவைகல்

எங்கள் தெருக் குளத்தைச் சீரமைக்கத் தொடங்கியபோது பக்கத்து லாட்ஜ்காரர், "அக்கா, நீங்க துணி தொவைக்கிற கல்ல வாசப்படிக்குக் குடுத்துடுங்களேன்" என்றார். கரையில் கிடப்பதுதானே என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த மாதமே குளத்துக்குள் பத்தடி தள்ளிச் சுவர் எழுப்பினார். தட்டிக்கேட்டதற்கு, "எல்லைக்கல் எங்க இருக்குது, காட்டுங்க" என்று சிரித்தார்.

லாட்ஜுக்குப் படி பதித்த கொத்தனாரிடம் புலம்பினேன். "அந்தத் தொவைகல்லுதாங்கக்கா எல்லைக்கல்லு. அடியில 'குளத்து எல்லை'னு வெட்டியிருந்துச்சி" என்றார்.

விடுவேனா? வேங்கிக்காலுக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். கிரிவலம் வந்த பௌர்ணமிக் கூட்டம் வேடிக்கை பார்க்க, அதிகாரிகள் படியைப் பெயர்த்துப் புரட்டினார்கள்; எழுத்து அப்படியே இருந்தது. கல் முன்பு கிடந்த இடத்தைத் தெருவே காட்டியது. சுவரை இடித்தார்கள். கல் இப்போது கரையில் நிமிர்ந்து நிற்கிறது.

இப்போதெல்லாம் யார் பழைய கல்லைக் கேட்டாலும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். லாட்ஜ்காரர் மட்டும், "படியில்லாம ஜனங்க எப்படிக்கா ஏறும்?" என்கிறார்.

"எகிறி ஏறச் சொல்லு" என்கிறேன்.