உலைக்கும் அச்சுக்கும் இருபது அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, மாசி மாதம். காலை ஆறரை மணிக்குக் கீரமங்கலத்தில் பஸ் ஏறினோம். என்னுடன் வந்தவர் என் மனைவியின் அண்ணன் மாணிக்கம். அவருடைய கரும்பாலையின் பல்சக்கரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. வெட்டிய கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. புதுச் சக்கரத்துக்கான மர மாதிரியை முந்தின வாரமே புதுக்கோட்டையில் இரும்பு வார்க்கும் இடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். உடைந்த இரும்பை உருக்கிச் சேர்ப்பதற்காகச் சாக்கில் கட்டி எடுத்துப் போனோம். ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்கு இருபத்தைந்து மைல் இருக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு அணா, சாக்குக்கு இரண்டணா.

நான் தஞ்சாவூரில் தபால் குமாஸ்தா. தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்கிறவன். மனைவியின் ஊருக்கு விருந்துக்குப் போன இடத்தில், இரும்பு காய்ச்சுவதைப் பார்க்கலாமென்று மச்சான் கூப்பிட்டதும் மறுக்க வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டை. விலாசத் தாளில் ‘வார்ப்படச்சாலை’ என்று இருந்தது. பஸ் நிலையத்தில் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர், அது அன்னசத்திரமா என்றார். கடைசியில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பவுண்டரிக்கா? அப்படிச் சொல்லுங்க, ஏறுங்க” என்றார். போய்ச் சேர்ந்தால் வாசல் பலகையில் இருந்தது என் சொல்தான். உள்ளே வேலை செய்தவர்களோ பட்டறை என்றுதான் சொன்னார்கள்.

மேஸ்திரி சுப்பையாவுக்கு இடது கன்னம் முழுவதும் தோல் சுருங்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, அவரே சொன்னார். வேறொரு பட்டறையில், மணல் அச்சுக்குள் தண்ணீர் நின்றதைக் கவனிக்காமல் உருகிய இரும்பை ஊற்றிவிட்டார்களாம். கூட நின்ற ஆளுக்கு இரண்டு கண்ணும் போயிற்றாம்.

“மணல்ல ஈரப்பதம் இருக்கலாங்க, தண்ணி நிக்கக் கூடாது. நின்னா குண்டு மாதிரி வெடிக்கும். சாமிக்குத் தேங்கா ஒடைக்கிறதுன்னா வாசலுக்கு அங்கிட்டே ஒடைச்சுட்டு வாங்க.”

நான் அப்போதே சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

பதினொன்றரை மணி. உலை உறுமியது. தரையில் மணல் அச்சு. அதன் நடுவே இரும்பு ஊற்ற ஒரு துளை. உலையிலிருந்து இருபது அடி இருக்கும். மாணிக்கம் சொன்னபடியே வாசலில் தேங்காய் உடைத்தார். ஆனால் மூடிகளில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டாமல் உள்ளே கொண்டுவந்து, அச்சைச் சுற்றிக் காட்டிக் குனிந்து கும்பிட்டார். மூடி ஒன்று சாய்ந்தது. தண்ணீர் நேராகத் துளைக்குள் போயிற்று. கண்ணை மூடியிருந்த அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் உலைப்பக்கம் திரும்பியிருந்தார்கள்.

பார்த்தவன் நான் ஒருவன்தான். மாணிக்கமோ பெண் கொடுத்த வீட்டு மனிதர். நல்ல நேரம் பார்த்துக் கும்பிடுகிறார். நடுவில் நிறுத்து என்றால் என்ன நினைப்பார்? நாலு சொட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அதற்குள் வாளியில் இரும்பு நிறைந்தது. இரண்டு பேர் அதைக் கம்பியில் தொங்கவிட்டுத் தூக்கி நடந்தார்கள். வெறுங்கால்கள். மேஸ்திரி அச்சின்மேல் குனிந்து வழி காட்டினார். வாளி சாயத் தொடங்கியபோதுதான் கத்தினேன்.

“ஊத்தாதீங்க, உள்ள தண்ணி இருக்கு.”

இரும்பை ஓரத்திலிருந்த காய்ந்த மணல் குழியில் கொட்டினார்கள். மேஸ்திரி அச்சைப் பிரித்துத் துளையின் அடியில் விரலை விட்டார். சேறாக வந்தது. மாணிக்கம் தேங்காய் மூடிகளைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“தண்ணி விழுந்தப்பவே பாத்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப ஏங்க அம்புட்டு நேரம் சும்மா இருந்தீங்க?”

“மச்சான் தப்பா நினைச்சுக்குவாரேன்னு…” என்று இழுத்தேன். வாளி தூக்கிய இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி அச்சுப் பிடித்து மூன்றாம் நாள் ஊற்றித் தருவதாகச் சொன்னார்கள். நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். ஆலங்குடி தாண்டியதும் மாணிக்கம், “மாப்ள, இத தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க” என்றார். அவர் தன் தவறைத்தான் சொன்னார். நான் என்னுடையதை நினைத்துக்கொண்டு, சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.