மூங்கில் கழியிலிருந்து விழுந்த இலைச்சுருள்கள்

நான் ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் நெசவு வீட்டில் ஒரு புதன்கிழமை காலை செய்வினை கண்டுபிடிக்கப்பட்டது. தறிக்கு மேலே குறுக்காகக் கட்டியிருக்கும் மூங்கில் கழி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளை அதைத் தட்டிச் சரிசெய்தான். கழியின் ஓட்டையிலிருந்து ஐந்து இலைச்சுருள்கள் தறியில் நீள ஏற்றியிருந்த புதுப் பாவு நூலின் மேல் விழுந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. பீடி சுற்றிப் பழகிய கைகூட அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றாது. ஒன்றைப் பிரித்தால் உள்ளே மஞ்சளாகக் குழைத்த ஏதோ ஒன்று, அதன் மேல் நொய்யரிசி போல வெள்ளையாக ஒரு பொட்டு.

பச்சை இலையும் மஞ்சளும் தறிக்கு மேலே ஒளிந்திருந்தால் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் தோன்றும். அன்று காலையிலேயே பட்டு இழை மூன்று முறை அறுந்திருந்தது. காற்றுக் காலத்தில் எல்லாத் தறியிலும் அறுவதுதான். ஆனால் சுருள்கள் விழுந்த பிறகு அந்த மூன்று இழைகளுக்கும் தனி மரியாதை வந்துவிட்டது.

வைத்தது யார் என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. இலை ரோஜா இலை. பின்கட்டில் பெயிண்ட் வாளியில் ரோஜாச் செடி வைத்திருப்பவள் அந்த வீட்டு மருமகள். எல்லோரும் போய்ச் செடியைப் பார்த்தார்கள். இலை ஓரங்களில் வளையல் வைத்து வெட்டியதுபோல் வட்ட வட்டமாக வெட்டு. பூச்சி கடித்தால் கந்தலாக இருக்கும், இது கத்தரிக்கோல் வேலை என்றாள் மாமியார். மருமகள் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள், அவளிடம் சின்னக் கத்தரிக்கோல்கள் மூன்று இருந்தன. போதாததற்குக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள், எங்கள் தெருவில் யாரும் பெண் எடுக்காத தாமல் ஏரிக்கரைப் பக்கத்துக் குடியிருப்புப் பெண். இத்தனைக்குப் பிறகும் சாட்சி கேட்பது எங்கள் தெருவில் மரியாதைக் குறைவு.

அவள் புருஷன், கழியைத் தட்டிய அதே பிள்ளை, படித்தவன், எதையும் ஆராயாமல் நம்பமாட்டான். சுருளை ஃபோனில் படம் எடுத்து அது என்னவென்று ஃபோனையே கேட்டான். சுருட்டு என்றது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்தான். கோவக்காய் என்றது. மூன்றாம் முறை வெற்றிலை பீடா. இனிமேல் அறிவியலைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை செய்வினை எடுக்கும் சாமியை வரவழைத்தார்கள். நெற்றி நிறைய விபூதியும் அதன் மேல் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுருள்களை ஒரு தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மண்டலம் இந்தப் பெண் அம்மா வீட்டில் இருக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு மண்டலத்துக்கு என்று அனுப்பிவைத்த மருமகள் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். பையை எடுத்துவந்து நிலைப்படி ஓரமாக நின்றாள். அழுது முடித்த முகம்.

இலை வெட்டுகிறவள் யார் என்று எனக்குத் தெரியும்.

தறிக்குப் பக்கத்தில் ஜன்னலடியில்தான் நான் தார் சுற்றும் ராட்டினம். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்கு வேண்டாததெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அப்படித்தான் ஒரு பூச்சி ஜன்னல் வழியாக வந்து மூங்கில் ஓட்டைக்குள் போவதைப் பார்த்தேன். முதலில் தேனீ என்றே நினைத்தேன். தேனீ என்றால் பூந்தூளைப் பின்னங்கால்களில் இரண்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரும். இதற்குக் காலில் ஒன்றுமில்லை, அடிவயிறு முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. குளவியோ என்றால் குளவிக்கு இடுப்பு ஒடிந்துவிடும் போலிருக்கும், உடம்பு வழவழவென்றிருக்கும். இது இடுப்பே தெரியாத குட்டை உடம்பு, நெஞ்சில் பூனைமயிர். கறுத்த வயிற்றில் குறுக்காக வெளுத்த கோடுகள், சன்னக் கரை போட்ட மாதிரி. தலை மட்டும் உடம்புக்குப் பெரிது, வாயில் இரண்டு தடித்த வெட்டுப்பற்கள். கூட்டம் கிடையாது, எந்நேரமும் ஒண்டி ஆள்தான். ஒரு நடை மஞ்சள், ஒரு நடை இலை. இலைத்துண்டை வயிற்றுக்கடியில் காலால் இடுக்கிக்கொண்டு, கடையில் துணி எடுத்து வருகிறவள் போல அவசரமாக வரும். மனசுக்குள் இலைவெட்டி என்று பெயர் வைத்திருந்தேன். சுருளுக்குள் இருந்தது பிள்ளைக்குப் போட்ட சாப்பாடு, அந்த வெள்ளைப் பொட்டுதான் பிள்ளை.

இதையெல்லாம் புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளும் குனிந்த தலை நிமிராமல் தார் சுற்றினேன்.

சாமி பேசிக்கொண்டிருக்கும்போதே இலைவெட்டி வந்தது. அவர் தலைக்கு மேலாகப் பச்சைத் துண்டோடு பறந்து, செய்வினை வைத்த அதே மூங்கிலுக்குள் போனது. அங்கே நின்ற ஏழு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போய் மறுபடி இலையோடு வந்தது. மறுபடியும் தட்டைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டினாள்.

நான் எழுந்து, ஜன்னலில் கழுவிக் கவிழ்த்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூங்கில் வாயில் பிடித்தேன். வெளியே வந்த இலைவெட்டி நேராக உள்ளே விழுந்தது. பாட்டிலை மூடி, சுருள்கள் இருந்த தட்டின் நடுவில் வைத்தேன்.

"இன்னாக்கா இது?" என்றாள் மாமியார்.

"இதான் இலை வெட்டுது. அந்தப் பொண்ணு இல்ல."

சாமி குனிந்து பார்த்தார். "தேனீம்மா. இதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"தேனீ கால்ல மூட்டை கட்டிக்கினு வரும் சாமி. இது வெறுங்காலு. அடிவயித்தப் பாருங்க, மஞ்சா அங்கதான் இருக்குது."

பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அவர் அடிவயிற்றைப் பார்த்தார், தட்டிலிருந்த மஞ்சளையும் பார்த்தார். ஏவிவிட்டது எந்த ரூபத்திலும் வரும் என்றார். அப்படியானால் இதை விட்டுவிட்டுச் செடிக்குப் பக்கத்தில் போய் நிற்போம் என்று நான் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மூடியைத் திறந்ததும் அது எங்கேயோ பறந்து மறைந்தது. பெயிண்ட் வாளியைச் சுற்றிக் கும்பலாக நின்றோம். ஒன்றும் வரவில்லை. ஏவினவளிடமே திரும்பிப் போய்விட்டது என்று சாமி சந்தோஷமாகச் சொன்னார். யாரோ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்கள். இரண்டு தரம் தாகமெடுக்கும் அளவு நேரம் போனபின் இலைவெட்டி வந்து ஓர் இலையின் விளிம்பில் உட்கார்ந்தது. தன்னையே சுற்றிக்கொண்டு வட்டமாக வெட்டியது. நாங்கள் வாயை மூடுவதற்குள் துண்டோடு எழும்பிப் போனது. இலையில் அளவெடுத்ததுபோல் ஒரு வளைவு.

சாமிக்குக் கொஞ்சமும் முகம் மாறவில்லை. தன் பார்வை பட்ட பலனாகத்தான் வினை வெறும் பூச்சியாக இளகிவிட்டது, கழியை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். மாமியார் மூங்கிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மருமகளிடம், "பைய உள்ள வைமா, சாதம் ஆறுது" என்றாள். அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அந்தப் பெண் பையோடு என் ராட்டினத்துக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று கூச்சப்பட்டுக்கொண்டே தாரை எடுத்தேன்.

"எத்தினி நாளா பாத்துக்கினு இருந்தீங்க ஆயா?"

"பதினைஞ்சு நாளு இருக்கும்மா."

"அப்ப பொதங்கிழமயே தெரியும்."

"தெரியும். பேச கூச்சமா இருந்துச்சு."

அவள் எழுந்து நின்றாள்.

"உங்க கூச்சத்துக்கு நான் பஸ் ஏறியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று நாளாக அந்த வீட்டில் சுமத்திய குற்றங்களில் நியாயமானது அது ஒன்றுதான்.