துண்டு என்ற சொல்லுக்குப் பயந்தவர்

கண்டி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சவரிமுத்து காலமான செய்தி, திங்கட்கிழமை விசாரணை தொடங்கும் முன் வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம். வழக்குப் பதிவுகளை எழுதும் என் மேசைக்கு அருகில் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அடுத்து வரும் ஏழையின் பேச்சை இனி யார் எடுத்துச் சொல்வார் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அழுகை பிறகுதான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கைநடுக்கம் தெரியும். சாராயத்தால் என்று சிலர் பேசினார்கள். அவர் குடித்ததே இல்லை. "நான் ஒரு வார்த்தையத் தப்பாச் சொன்னா, அவன் முதுகுல அடி விழும் தம்பி" என்பார்.

கோப்பித் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்கு, விடுவித்துவிட்டோம் என்று துரை எழுதித் தரும் சீட்டை நம் ஆட்கள் துண்டு என்றார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் இல்லை. அவர் துண்டு என்றே சொன்னார். நான் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதினேன். ஓராண்டுக்குள் துரைமாரின் கடிதங்களில் அது ஆங்கிலச் சொல்லாகவே வரத் தொடங்கியது. நான் பெருமைப்பட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவங்க எடுத்துக்கிட்டாங்க. இனிமே நம்மகிட்ட அர்த்தம் கேக்க மாட்டாங்க."

பயந்தபடியே நடந்தது. மடுல்கெல்லப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், இன்னொருவரின் துண்டைத் திருடிக்கொண்டு ஓடப் பார்த்ததாக வழக்கு. அன்று காலையில் அவர் கையில் என்ன இருந்தது என்று மனைவியிடம் கேட்டார்கள்.

"துண்டுதாங்க. ஆத்துக்குக் குளிக்கப் போனாரு."

நீதிபதி கையை உயர்த்தினார். "மொழிபெயர்க்க வேண்டாம். இந்தச் சொல் எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பேனாவை எடுத்தார். அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தாள்.

சவரிமுத்து எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. நீதிபதியை இடைமறித்த முந்தைய மொழிபெயர்ப்பாளர் வேலையை இழந்ததை நாங்கள் இருவரும் அறிவோம்.

"ஐயா, உங்களுக்குத் தெரிந்தது உங்கள் துண்டு. இவள் சொன்னது இது" என்று, வாசலில் நின்ற வண்டிக்காரரின் தோளில் கிடந்த துணியைக் காட்டினார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மறுபடியும் கேளுங்கள்" என்றார். அந்தத் தொழிலாளி விடுதலையானார். சவரிமுத்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

நேற்று, அவர் இல்லாத முதல் விசாரணை. சாட்சி சொன்ன ஒரு சொல்லைக் கேட்டதும் நீதிபதி அர்த்தம் கேட்காமல் தாமே எழுதத் தொடங்கினார். பதிவெழுதுபவன் வாய் திறக்கக் கூடாது. எனக்குப் பயம் வந்தது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அதோடுதான் எழுந்து நின்றேன்.