சிக்னலில் குலுங்காத கார்

எங்கள் அண்ணன் திருப்பத்தூர் பக்கத்தில் பிறந்து, இருபது வயதில் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அப்பா தவறிய பிறகு என்னைச் சந்தாபுராவுக்கு அழைத்து வந்து படிக்க வைத்து, ஆசிரியை ஆக்கியவரும் அவர்தான். மூக்கின் மேல் கோபம். அது இறங்குவதற்குள் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். தன் பழைய காரை மட்டும் யார் கையிலும் விடமாட்டார். அண்ணிக்கே அதில் பின் சீட்டுதான் என்று கேலி செய்வோம்.

போன வருடம் அண்ணனுக்கு வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். வாரம் இரண்டு முறை மருத்துவமனை. வாடகைக் காரில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம். நான் ஓட்டுவேன், அவர் அண்ணியின் மடியில் தலைவைத்துப் படுத்து வருவார். ஓடும்போது கார் நன்றாகத்தான் இருக்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கும். அந்தக் குலுக்கல் அவர் முதுகில் இறங்கும். பல்லைக் கடித்துக்கொள்வார். கண்ணாடியில் அதைப் பார்த்தபடி பச்சை விளக்குக்குக் காத்திருப்பேன். வேறென்ன செய்ய?

"எங்கயோ காத்து இழுக்குது பாப்பா" என்று முதல் வாரமே சொன்னார். வலியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, அதைக் காதில் வாங்காமல் மெக்கானிக்கிடம் போனேன். பிளக் மாற்றினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். ஒரு மாதம் ஓடியது, குலுக்கல் நிற்கவில்லை. "வித்துடுங்க மேடம், வயசான வண்டி" என்றார். மருத்துவர்களும் ஏறக்குறைய அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். ஓடும் எஞ்சினில் ஓர் இணைப்பைக் காட்டி, "கிளீனர் ஸ்ப்ரேயை அங்க லேசா அடி" என்றார். அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. "பாத்தியா? அங்கதான் இழுக்குது. கேஸ்கெட் போயிடுச்சு." காற்று உள்ளே போகும் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு அது. ஆனேக்கல் உதிரிபாகக் கடைக்காரர் எங்கோ தேடிக் கொடுத்தார்.

அண்ணனின் கையில் ஸ்பேனர் நிற்கவில்லை. நான்தான் மாற்றினேன். ஓரத்து நட்டை முதலில் இறுக்கித் தொலைத்தேன், மறுபடி குலுங்கியது. "நடுவுல இருந்து இறுக்கணும்னு சொன்னேன்ல கழுதை!" என்று கத்தினார். அதில் வந்த இருமல் அரை மணி நேரம் அடங்கவில்லை. திரும்பக் கழற்றி, ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இன்னொரு புதியதை வைத்து, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

அடுத்த முறை ஹெப்பகோடி சிக்னலில் கார் அசைவே இல்லாமல் நின்றது. அணைந்துவிட்டதென்று பதறிச் சாவியைத் திருப்பினேன். கர்ரென்று ஒரு சத்தம்.

"அண்ணா, நின்னு போச்சு!"

"நிக்கல பாப்பா. ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

அதுவே அவர் அந்தக் காரில் போன கடைசிப் பயணம். அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் மதியம் வார்டில் முகம் சுளிக்காமல் படுத்திருந்தார். வலி விட்டுத் தூங்குகிறார் என்று எனக்கு நிம்மதி. நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல சிஸ்டர், ஓடிக்கிட்டுதான் இருக்கும். நல்லா பாருங்க" என்றேன்.

அன்று தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், இரண்டு முறை கேஸ்கெட் தேடித் தந்த கடைக்காரருக்கும் அண்ணியும் நானும் கைகூப்புகிறோம். கார் இப்போது எந்தச் சிக்னலிலும் குலுங்குவதில்லை. முதல் வாரமே சொன்னாரே, நான்தான் கேட்கவில்லை. அந்த ஒரு மாதத்துச் சிக்னல்களுக்கு என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணா.