கோரை கருகிய வாய்க்கால்

எழுபதுகளில் மண்ணூர்பேட்டையில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். பின்பக்கம் ஏரிக்குப் போகும் ஒரு வாய்க்கால், அதை ஒட்டி ஒரு விவசாயியின் நெல் வயல். அவர் காதில் எப்போதும் ஓர் அணைந்த பீடி இருக்கும். போட்ட உரம் ஏரிக்குப் போய்ச் சேராமல் பிடித்துக்கொள்ளட்டும் என்று, வாய்க்கால் ஓரமாக இரண்டு முழ நிலத்தை உழாமல் விட்டுக் கோரை வளர்த்திருந்தார். தினமும் வாய்க்கால் நீரை ஒரு கை அள்ளி, வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவார்.

ஒருநாள் கோரை அடியோடு கருகிக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணி நாக்குல எரியுது சார். நான் போட்ட யூரியாதான் எறங்கிட்சா? ஏரில பொம்பளைங்க கொடத்துல மொண்டுகினு போறாங்க. படிச்ச ஆளு நீ, சொல்லு."

"யூரியாவாத்தான் இருக்கும்" என்றேன்.

சனிக்கிழமைதோறும் பட்டறையின் அமிலத் தொட்டியை அந்த வாய்க்காலில் திறந்துவிட்டுவந்தவன் நான். இதை எழுதும்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் இன்னும் இரண்டு முழத்துக்குப் பச்சைப் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோரை நட்டார். அந்தச் சனிக்கிழமையும் நான் தொட்டியைத் திறக்கப் போனபோது, சேற்றுக் கையோடு நிமிர்ந்து சிரித்தார்.

"இனிமே எரியாது சார்."

திறந்துவிட்டேன்.