பத்து விநாடிக்கு ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருல்சா அக்காவைத் தேடிப் போனால் முதலில் அவருடைய ரப்பர் செருப்புகள்தான் கண்ணில் படும். மாட்டுக்கொட்டகை ஏணிக்கு அடியில் கிடக்கும். ஆள் மேலே, தகரக் கூரையில் குப்புறப் படுத்திருப்பார். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் காலுக்கொரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, "இப்ப அடிடா காத்து, பாக்கலாம்!" என்று மலையைப் பார்த்துச் சவால் விடுவார்.

எங்கள் மலையூரான கொச்கோரின் ஆஸ்பத்திரியில் அக்கா நர்ஸ். வயது ஐம்பத்துமூன்று. ஊசி போட்டுப் போட்டு, ஊரில் பாதிப் பேரை முகத்தை வைத்து அல்ல, இடுப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும் என்பார். கேமரா, மகள் கனிஷாய் தலைநகர் பிஷ்கெக்கில் பழையதாக வாங்கிக் கொடுத்தது. ஒரு மூலை நசுங்கியிருக்கும். முதல் ஆறு மாதம் கல்யாணங்களில் படம் எடுத்தார். மாப்பிள்ளைகளுக்குத் தலை இருக்காது. பிறகு ஒருநாள் ஃபோனில், ஒரு பூ பத்து விநாடியில் மலர்வதைப் பார்த்தார். அதோடு கல்யாணங்கள் தப்பித்தன.

மணிக்கணக்கில் நடப்பதை இடைவெளி விட்டுவிட்டுப் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி வேகமாக ஓடவிடும் இந்த டைம்லாப்ஸ் வேலையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "இதுல என்ன வித்தை இருக்கு தங்கச்சி? டிரிப்ஸ் ஏத்தற மாதிரிதான். நிமிஷத்துக்கு இத்தனை சொட்டுன்னு வச்சுட்டு நாம பாட்டுக்குப் போயிடணும். சும்மா சும்மா வந்து எட்டிப் பாத்தா பேஷண்டுக்கும் பயம், நமக்கும் பயம்."

ஒட்டும் வேலைக்கு மட்டும் என்னிடம் வருவார். ஊர் நூலகத்தில் இருக்கும் ஒரே கணினிக்கு நான்தான் காவல். முதலில் கொண்டுவந்தது போர்சோக் என்னும் எண்ணெய்ப் பலகாரம் சுடப் பிசைந்த மாவு பொங்குகிற படம். ஏதோ ஒன்றைத் தவறாகத் திருப்பிவிட்டதில் வெளிச்சம் கூடியும் குறைந்தும் வந்தது. அழித்துவிடலாமா என்று கேட்டேன். "அழிக்கிறதா? மாவு மூச்சு விடுது பாரு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த படத்தில் மேய்ச்சல் நிலம் அழகாக விடிந்துகொண்டே வந்து, திடீரென்று முழுக்கக் கன்றுக்குட்டியின் நாக்காகிவிட்டது. அதையும் அழிக்கவில்லை.

பிறகு வெல்டிங் கண்ணாடி. கணவர் சதிபால்டி வெல்டர். அவருடைய முகமூடிக் கண்ணாடி ஒன்றை எடுத்து, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் லென்ஸின் முன் ஒட்டிவிட்டார் அக்கா. கரும்பச்சைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரச் சிரமப்படும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எட்டு விநாடி கண்ணைத் திறந்துவைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசைகிறவை எல்லாம் கலைந்து புகையாகிவிடும். அசையாமல் நிற்பது மட்டும் தெளிவாக விழும். தெருவில் ஆட்டுமந்தை பச்சைப் புகையாகப் போனது.

"என் கண்ணாடி எங்கடி?" என்றார் சதிபால்டி.

"உங்க முகத்துல இருந்தா உங்களுக்கு மட்டும்தான் உபயோகம். கேமராவுல இருந்தா ஊருக்கே உபயோகம்."

செப்டம்பரில் கனிஷாய் ரஷ்யாவுக்குக் கிளம்பினாள். இங்கே பாலர் பள்ளியில் ஆசிரியை. அங்கே யெகாடெரின்பர்க்கில் ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலை. "படிச்சுட்டு அட்டைப்பெட்டி ஒட்டப் போறியா?" என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு அவள் கிளம்பும்வரை மூன்று வாரம் மகளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை, அந்த வீட்டில் ரோஷத்துக்குக் குறைவில்லை.

கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று அக்கா கூரையேறி, தெருவுக்கு மேலே மலையில் கவிந்த மேகத்தைப் பார்த்து, கீழே தெருவும் விழும்படி, வெல்டிங் கண்ணாடியோடு கேமராவை வைத்தார். சதிபால்டி எட்டு மணிக்கே, "வேலை இருக்கு" என்று வெளியேறிவிட்டார். ஒன்பதுக்குக் கார் வந்தது. கனிஷாய் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அக்கா உள்ளே போய்ப் படுத்தவர்தான். கேமரா மதியம் வரை தன்பாட்டில் ஓடியது.

ஒன்பது நாள் அக்காவுக்குக் கணவரோடு பேச்சில்லை. தேநீர்க் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். "பெத்த பொண்ணு போறா, வாசல் வரைக்கும் வரல. அவர் மனுஷனா?" என்று என்னிடம் பொருமினார். அந்த வாரம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லோருமே வலித்ததாகச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் படங்களை ஒட்ட வந்தார். பக்கத்தில் நான் இருந்தேன். பச்சை மேகம் நுரைத்துப் பொங்கியது. கார் ஒரு கோடாக இழுபட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் காலித் தெருவின் நடுவே ஒரு முதுகு. ஆடுகள் புகையாக அதைச் சுற்றிக்கொண்டு போயின, சைக்கிள்கள் கரைந்து போயின. அந்த முதுகு மட்டும் சட்டை மடிப்பு உட்படத் தெளிவாக, கார் போன திசையைப் பார்த்து நின்றது. சதிபால்டி.

அக்கா நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு படமாக எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"பத்து விநாடிக்கு ஒண்ணு... அம்பத்திரண்டு நிமிஷம்." முந்தானையைத் தேடுவதுபோல் கழுத்துத் துணியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அம்பத்திரண்டு நிமிஷம் அந்த மனுஷன் நடுத்தெருவுல நின்னிருக்காரு. நான் உள்ள படுத்துக்கிட்டு அவரத் திட்டிக்கிட்டிருந்தேன்."

ஓடவிட்டால் அது வெறும் பதின்மூன்று விநாடி. அதை மட்டும் வெட்டி மகளுக்கு அனுப்பினார். அன்று மாலையே கனிஷாய் அப்பாவை அழைத்தாள்.

"என்ன பேசினாங்கக்கா?"

"யாருக்குத் தெரியும்? நான் பால் கறக்கப் போயிட்டேன். கறந்த மாட்டையே திருப்பிக் கறந்தேன்."

வசந்தத்தில், நூருஸ் பண்டிகையன்று நூலகச் சுவரில் திரை கட்டி அக்காவின் படங்களை ஓட்டினேன். நாற்பது பேர் வந்தார்கள். மாவு மூச்சு விட்டதற்குக் கைதட்டல், கன்றின் நாக்குக்கு விசில். கடைசி வரிசையில் சதிபால்டி, பக்கத்தில் அக்கா. பச்சைத் தெருவும் காரும் வந்ததும், அடுத்து வரப்போவது என்னவென்று தெரிந்த அந்த மனிதர் தன் கம்பளித் தொப்பியை மெல்ல இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கார் மறைந்தது. அந்த முதுகு வரவேயில்லை, உடனே மதிய வெயிலில் மலை வந்துவிட்டது.

"என்னம்மா புருல்சா, நடுவுல மேகம் குதிச்சிருச்சு?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் பக்கத்து வீட்டு ஜுமாபாய்.

"பேட்டரி மக்கர் பண்ணிருச்சு மாமா" என்றார் அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, கணவரின் தொப்பியை ஒற்றை விரலால் மேலே தூக்கிவிட்டார்.